மதிய மாத்திரை

வீரப்பனைக் கொன்றது நான்தான். அவர் மனைவி கேட்டபோது இல்லையென்று பொய் சொன்னவனும் நான்தான். இத்தனை காலம் விழுங்கி வைத்திருந்ததை இன்று உங்களிடம் சொல்கிறேன்.

மலாயாவில் கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்காரன் அவசரகாலம் போட்டிருந்த சமயம் அது. ஆயர் குரோ பக்கத்து ரப்பர்த் தோட்டமொன்றில் நான் மருந்து கொடுக்கும் டிரஸ்ஸர். பால்மரம் வெட்டி ரப்பர்ப்பால் எடுக்கும் வீரப்பனுக்கு, உட்கார்ந்து எழுந்தால் ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கிக் கண் இருட்டிவிடும். விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடும்போதே விழுந்திருக்கிறார். மலாக்கா டவுன் டாக்டர் எபெட்ரின் மாத்திரை எழுதினார். விடிகாலையில் ஒன்று, நடுப்பகலில் ஒன்று. போட்டபின் படுக்கக் கூடாது, படுத்தால் அழுத்தம் தாறுமாறாக ஏறும் என்று என்னிடம்தான் சொல்லி அனுப்பினார்.

நடுப்பகலில் வீரப்பன் குடியிருப்பைச் சுற்றிப் போட்ட வேலிக்கு வெளியே மரத்தடியில் நிற்பார். கம்பிவேலி கேட்டில் காவலர்கள் சோறு, மருந்து எதையும் வெளியே விடமாட்டார்கள். காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடுமாம். மாத்திரை கொண்டுபோகத் தோட்டத் துரையின் அனுமதிச் சீட்டு வேண்டும். கேட்டிருக்கலாம்... கேட்டால் மருந்து கடத்துகிறவன் என்று என்னையே பிடித்துவிடுவார்களோ என்று நடுங்கினேன்.

வேலைவிட்டு வந்து போட்டுக்கொள்ளுங்கள் என்றேன். வந்ததும் சாப்பிட்டுவிட்டுப் படுப்பவர் அவர். எனக்குத் தெரியாதா? தெரியும்! படுக்காதீர்கள் என்று ஒப்புக்குச் சொன்னேன். இருட்டில் எழுந்து மரம் வெட்டிய உடம்பு கேட்குமா?

நெஞ்சு படபடக்கிறது, இரவில் தூக்கமில்லை, சிறுநீர் இறங்கவில்லை, மண்டை பிளக்கிறது என்று வந்து நின்றார். பழகினால் சரியாகிவிடும் என்று திருப்பி அனுப்பினேன். ஒருநாள் மாத்திரை போட்டுப் படுத்தவருக்கு வாய் கோணி ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. மறுநாள் போய்விட்டார்.

கருமாதி முடிந்து அவர் மனைவி அஞ்சலை வந்தாள்.

"அந்த மாத்திரையினாலயாங்கய்யா?"

"இல்லம்மா. அது அவரு விதி."

நம்பினாள்... அதுதான் கொடுமை! முந்தானை முடிச்சை அவிழ்த்து, மிச்ச மாத்திரைகளை என் மேசைமேல் வைத்தாள்.

"வேற யாருக்காச்சும் ஆகும், வச்சிக்குங்க."

ஆயிற்று. கொஞ்ச காலத்தில் இன்னொருத்திக்கு அதே கிறுகிறுப்பு. வெட்கங்கெட்ட நெஞ்சுக்கு அப்போதுதான் துணிச்சல் வந்தது. சீட்டுக் கேட்டுத் துரை முன்னால் நின்றேன். எதற்கென்றுகூட அவர் கேட்கவில்லை. தலையைத் தூக்காமல் கையெழுத்துப் போட்டு நீட்டினார்.

அவ்வளவுதான்! அதைக் கேட்கத்தான் வீரப்பன் உயிரோடு இருந்தபோது எனக்கு வாயில்லாமல் போயிற்று.