ஆறாம் கட்டிலுக்கு நான் போட்ட புள்ளி

என் பல்கலைக்கழக ஆராய்ச்சிக்காக, கண்டிக்குப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றின் சிறுவர் வார்டில் கட்டில் ஒதுக்க நான் எழுதிய கணக்கை ஒரு வாரம் பரீட்சித்துப் பார்க்க விட்டார்கள். எந்தப் பிள்ளைக்கு எந்தக் கட்டில் என்று கம்பியூட்டர் சொல்லும். நோய் கடுமையான பிள்ளை தாதியரின் மேசையை விட்டுத் தள்ளிப் போனால் அந்த ஏற்பாட்டுக்குக் குறைப்புள்ளி கூடும். தொற்றுள்ள பிள்ளை மற்றவர்களோடு சேர்ந்தாலும் கூடும். புள்ளி மிகக் குறைந்த ஏற்பாடுதான் பட்டியலாக வரும்.

முதல் நாள் ஒரே ஒரு பிள்ளை புதிதாக வந்ததற்கு, பட்டியல் ஏழு பிள்ளைகளை இடம் மாற்றச் சொன்னது. தாய்மார் பிளாஸ்கும் தலையணையுமாக ஊர்வலம் போனார்கள்.

"மகள், உங்கள் கம்பியூட்டருக்குக் கட்டில் தள்ளி முதுகு வலிக்காதுதானே?" என்று பொறுப்புத் தாதி எல்லோருக்கும் கேட்கும்படி சிங்களத்தில் கேட்டார்.

வீடு திரும்பும் குண்டசாலை பஸ்ஸில் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். என் மூன்று வயது மகள் காய்ச்சலில் கண்ணயர்ந்துவிட்டால் மின்விசிறியைக்கூட நகர்த்த விடமாட்டேன். அப்படிப்பட்ட நான் இடமாற்றத்துக்குப் புள்ளியே போடவில்லை. எவ்வளவு போடுவது? குறைத்தால் மறுபடி ஊர்வலம். கூட்டினால் அவசரமான பிள்ளைக்கு இடம் கிடைக்காது. ஒரு மாற்றத்துக்குப் பத்து என்று போட்டேன். எட்டாக்கினேன். திரும்பவும் பத்து.

மூன்றாம் நாள் மூச்சுத் திணறலோடு ஒரு கைக்குழந்தை வந்தது. வார்டு வாசலில் சிறிய ஒட்சிசன் சிலிண்டர் ஒன்றை வைத்துச் சமாளித்தார்கள். அது நெடுநேரம் தாங்காது. பட்டியல் ஒரே மாற்றம் கேட்டது. சுவரில் ஒட்சிசன் குழாய் உள்ள ஆறாம் கட்டிலில் தேறிவிட்ட சிறுமி ஒருத்தி இருந்தாள். அவள் பதினோராம் கட்டிலுக்குப் போக வேண்டும்.

தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த அவள் தாய் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"முடியாது மிஸ். இந்தக் கட்டில்லதான் எம்புள்ளைக்கு மூச்சு வந்திச்சு."

"இப்ப நல்லாயிட்டாளே அக்கா" என்றேன், என் மேசையிலிருந்தே.

"மாத்தி, திரும்ப மூச்சு இழுத்துச்சுன்னா? ஒங்க கம்பியூட்டரு வந்து முழிச்சிருக்குமா?"

இடமாற்றப் புள்ளி பத்தை முப்பதாக்கினால் போதும், பட்டியல் வேறு பதில் சொல்லும். நான் பயந்துபோய் மாற்றினேன் என்பது யாருக்கும் தெரியவராது. விரல் விசைப்பலகை வரை போனது. மடிக்கணினியை மூடிவிட்டு அந்தத் தாயின் அருகே போனேன்.

"டாக்டர் பாத்துட்டுத்தான் மாத்தலாம்னு சொன்னாரு. வாசல்ல இருக்கிற குழந்தைக்கு இந்தக் குழாய் வேணும், அக்கா."

"ஒங்க புள்ளைன்னா மாத்துவீங்களா?"

"மாத்துவேன். பயந்துகிட்டே மாத்துவேன்."

அவர் வாசலைப் பார்த்தார். பிறகு தலையணையைத் தூக்கி என் கையில் திணித்தார்.

"அப்ப நீங்களும் வந்து உக்காருங்க."

பதினோராம் கட்டிலருகே கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். சிறுமி தூங்கினாள். கடிகாரத்தை வைத்துக்கொண்டு ஒரு நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று நான் எண்ணினேன், அவரும் எண்ணினார். இருவர் கணக்கும் ஒத்துவரவில்லை. முதலிலிருந்து தொடங்கினோம்.