ஒரே ஒரு நெல்சக்களத்தி

பாபநாசத்தை ஒட்டிய வயலில் களையெடுப்பு முடிந்துவிட்டது. செடிகளை உலர்த்திச் சேர்த்துவைக்கும் தாவரக் காப்பகத்துக்காகக் காட்டுப்புல் தேடி வந்த நான், தாமதித்துவிட்டேனே என்று வரப்பில் நிற்கிறேன். ஆனால் நடுவயலில், நெல்லைப் போலவே இருக்கும் களையான நெல்சக்களத்திப் புல் ஒன்று மட்டும் கதிரோடு ஆடுகிறது.

“நேத்து கேட்டீங்கல்ல, அதான் விட்டு வச்சேன்” என்கிறார் களையெடுத்த செல்வி அக்கா. “போறவங்க வர்றவங்க எல்லாம் கண்ணு தெரியலையான்னு சிரிக்கிறாங்க.”

நெஞ்சு நிறைந்துவிடுகிறது. புல்லை வேரோடு பிடுங்கிச் செய்தித்தாளுக்குள் விரித்து வைக்கிறேன். அதற்கான சீட்டில், சேகரித்தவர் என்ற இடத்தில் அவர் பெயரை எழுதுகிறேன்.

“ஐயய்யோ, என் பேரா? களைய விட்டவள்னு காலத்துக்கும் நிக்குமேங்க!”

“இருங்கக்கா” என்று அடியில் இன்னொரு வரி சேர்த்து, அவருக்குப் படித்துக் காட்டுகிறேன்: ‘இந்த வயலில் வேறு களையே இல்லை.’