குளிருக்கு ஓர் அருச்சனை

என் தம்பி சுவிஸில் பனி செய்கிறவன். இதைச் சொன்னால் எங்கள் ஊர் அக்கராயனில் யாரும் இலேசில் நம்பமாட்டார்கள். பனி தானாகக் கொட்டுகிற நாட்டில் அதைச் செய்ய ஆள் எதற்கு என்று கேட்பார்கள். முதல் வருடம் முழுக்க அப்பாவும் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தார். உறவுக்காரர் விசாரித்தால், அவன் ஒரு ஹோட்டலில் நிற்கிறான் என்று சொல்லிச் சமாளிப்பார். எனக்கு அந்தப் பூசி மெழுகல் பிடிக்காது. இல்லை, மலையில் பனி அடிக்கிறான் என்று குசினிக்குள் அடுப்படியில் இருந்தே திருத்துவேன். எனக்கு வாயும் கோபமும் கொஞ்சம் கூட.

நான் முன்பள்ளியில் படிப்பிக்கிறேன். காலையில் சேலைக்கு ஊசி குத்திக்கொண்டிருக்கும் நேரம் பார்த்துத்தான் அவனுடைய வீடியோ அழைப்பு வரும். அங்கே விடிந்திருக்காது. அவனுக்குப் பின்னால் ஒரு பெரிய மின்விசிறி போன்ற இயந்திரம் வெள்ளையாகக் கக்கிக்கொண்டிருக்கும். அதற்கு அவர்கள் பீரங்கி என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். மலைமேல் வெட்டிய குளத்திலிருந்து குழாய் வழியாகத் தண்ணீர் வரும். இயந்திரம் அதைப் புகைபோலத் தூவும். குளிர் போதுமானதாக இருந்தால் அது நிலத்தில் விழமுன் பனியாகிவிடும். மார்கழி பிறக்கமுன்பே காலில் பலகை கட்டிச் சறுக்குவதற்குச் சனம் வந்துவிடும். வானத்துப் பனியோ இப்போதெல்லாம் நேரத்துக்கு வருவதில்லை. ஆகவே முதல் பாதையை இவர்கள்தான் போட்டுக் கொடுக்க வேண்டும். பாதை என்றால், பழுப்புப் புல்லுக்கு நடுவே ஒரு வெள்ளைப் பட்டி. அவ்வளவுதான்.

பனி சரியாக விழுகிறதா என்று பார்க்க, அவன் பீரங்கிக்கு முன்னால் போய்க் கையை நீட்டிக்கொண்டு நிற்பான். சட்டைக் கையில் விழுகிற பனி தெறித்துப் போனால் நல்லது. ஒட்டிப் பிடித்தால் ஈரம் கூட. கையால் அள்ளிப் பிடித்தும் பார்ப்பான். அம்மாவுக்கு இது உடனே விளங்கிவிட்டது. "புட்டுக்கு மா குழைக்கிற பதம்தானே, அதுக்கேன் இவ்வளவு விளக்கம்" என்றா. அன்றிலிருந்து அம்மா அவனிடம் சாப்பிட்டாயா என்று கேட்டபிறகு பனி என்ன பதம் என்றும் கேட்பா. அவனும் சலிக்காமல் சொல்லுவான். இந்த விடயத்தில் அவன் என்னைவிட நல்ல பிள்ளை.

போன ஆவணியில் எனக்குக் கலியாணம் பொருந்தியது. மாப்பிள்ளைக்கு ஊர் செட்டிகுளம். பெண் பார்க்க வந்த அன்றைக்கு அவர் பேசியதை ஒரு தபால்முத்திரையில் எழுதிவிடலாம். ஆனாலும் எனக்குப் பிடித்துவிட்டது. ஐயர் தை மாதத்தில் நாள் வைத்துக் கொடுத்தார். எனக்கு நகையும் வேண்டாம், மண்டபமும் வேண்டாம், தம்பி நின்றால் போதும் என்று சொல்லிவிட்டேன். மாப்பிள்ளை வாசல் படலையடிக்கு வரும்போது பெண்ணின் தம்பிதான் செம்பில் தண்ணீர் எடுத்து அவருடைய காலைக் கழுவி உள்ளே கூட்டிவர வேண்டும். எனக்கு இருப்பது ஒரே தம்பி. அந்தச் செம்பை வேறொருவன் தூக்குவதை என்னால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை.

அவனுடைய முதலாளி ஒரு சொல்லில் நின்றுவிட்டார். மலையுச்சியிலிருந்து கீழே ஊர்வரைக்கும் பாதை முழுக்கப் பனி போட்டு முடிந்தால் லீவு. முடியாவிட்டால் இல்லை. வழக்கமாக அது தைக்கு முன்னரே முடிந்துவிடும், நீங்கள் பந்தலுக்குச் சொல்லுங்கள் என்று தம்பி சொன்னான். சொன்னோம்.

கார்த்திகையில் ஒரு நாள், மலைக் குளத்தில் தண்ணீர் காணாது, வெயில் காலம் அங்கே வறண்டுபோனது என்று அவன் பேச்சோடு பேச்சாகச் சொன்னான். அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். பனி அவருக்கு விளங்காது, குளம் விளங்கும். தண்ணீரில்லாத குளத்தை வைத்துக்கொண்டு என்ன வேலை செய்வது என்று அன்று முழுக்கப் புறுபுறுத்தார். எங்கள் குளமோ அப்போது நிரம்பி வழிந்து வான் பாய்ந்துகொண்டிருந்தது. அடுத்த வெள்ளி அப்பாவும் அம்மாவும் குளக்கட்டுப் பிள்ளையாரிடம் போய், தம்பியின் பெயர் நட்சத்திரம் சொல்லி, அந்த மலையில் நல்ல மழை பெய்ய வேண்டும் என்று அருச்சனை செய்தார்கள். பொங்கலும் பொங்கினார்கள். வயல் செய்கிற குடும்பத்துக்கு வேறென்ன கேட்கத் தெரியும்?

பிள்ளையார் ஒரு குறையும் வைக்கவில்லை. அடுத்த கிழமை அந்த மலையில் மழை கொட்டோ கொட்டென்று கொட்டியது. அதுவரை போட்டு வைத்த பனியெல்லாம் கரைந்து ஓடிவிட்டது. திரையில் தம்பியின் முகம் இருந்த இருப்பைப் பார்த்து, அம்மா அருச்சனை செய்த உண்மையைச் சொல்லிவிட்டா. அவன் சிரிக்கத் தொடங்கினான். கண்ணில் நீர் வர அவன் சிரித்தது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

"அம்மா, மழை வேண்டாம். குளிரைக் கேளுங்கோ, குளிர் மட்டும்" என்றான்.

மறுபடியும் கோயிலுக்குப் போனார்கள். குளிருக்கு அருச்சனையா என்று ஐயர் தலையைச் சொறிந்தாராம். கேட்கிறதைக் கேட்போம், மிச்சத்தைப் பிள்ளையார் பார்த்துக்கொள்ளட்டும் என்று கற்பூரம் காட்டினாராம்.

குளிர் வந்தது. ஆனால் என் கலியாணக் கிழமை பார்த்து வந்தது. பந்தற்காரர் கம்பு இறக்கிக்கொண்டிருக்கும்போது தம்பி அழைத்தான். இப்போதுதான் காற்று காய்ந்திருக்கிறது, எல்லாப் பீரங்கியும் ஓடுகிறது, இந்தக் குளிர் ஒரு கிழமைதான் நிற்குமாம், இதை விட்டால் கீழ்ப்பாதை இந்த வருடம் இல்லை என்றான். பிறகு குரலைத் தாழ்த்தி, "அக்கா, நான் விட்டிட்டு வாறன். வேலை போனாப் போகட்டும்" என்றான்.

வா என்று சொல்ல நான் வாய் திறந்துவிட்டேன். அப்பா என் கையிலிருந்து போனை வாங்கினார்.

"தண்ணி பாயிற நேரம் வயலை விட்டிட்டு ஒருத்தரும் கலியாணத்துக்குப் போறேல்லை. நீ நில்."

அவருக்கு அது இலேசாக வந்த வார்த்தை இல்லை என்று இப்போது தெரிகிறது. அன்றைக்கு எனக்கு வந்தது கோபம் மட்டும்தான். பெரியம்மாவின் மகன் செம்பு தூக்கினான். வெளியே மேளம் கேட்டபோது நான் அறைக்குள் அழுது, பூசிய மை எல்லாம் கரைந்து, தோழி இரண்டாவது தரம் பூசினாள். கலியாணத்துக்குப் பிறகும் நாங்கள் இருவரும் அம்மா வீட்டில்தான் இருந்தோம்; தம்பி அழைத்தால் போனை அம்மாவிடம் நீட்டிவிடுவேன். அவனும் என்னைக் கேட்காமல் இருந்ததில்லை, நானும் வாங்கியதில்லை. என் கணவர் இதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சித்திரையில் சறுக்குகிற காலம் முடிந்து மலையை மூடிய பிறகு அவன் வந்தான். மதிய வெயிலில் அவனை ஏற்றிவந்த வான் வண்டி படலையடியில் நின்றது. நான் உள்ளேயே இருப்பது என்று முடிவு செய்திருந்தேன், கால் கேட்கவில்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன்.

அம்மா கால் கழுவத் தண்ணீர் கொண்டுவந்தா. தம்பி சப்பாத்தையும் சொக்ஸையும் கழற்றினான். அவனுடைய கால்களை நான் அப்போதுதான் பார்த்தேன். விரல்களெல்லாம் வெடித்துக் கிடந்தன. இரண்டு பெருவிரல் நகங்களும் கறுத்துப்போயிருந்தன. அத்தனை அழைப்பிலும் அவன் முகத்தை மட்டும்தான் காட்டியிருக்கிறான்.

அவன் அம்மாவிடமிருந்து செம்பை வாங்கிக்கொண்டு என் கணவரைப் பார்த்தான். "அத்தான், ஒருக்கா நில்லுங்கோ. நான்தான் கழுவியிருக்கோணும்" என்றான்.

என் கணவர் செம்பை அவனிடமிருந்து வாங்கினார். கதிரையை இழுத்து அவனை இருத்தினார். தான் நிலத்தில் குந்தினார்.

"காலை நீட்டும், மச்சான்" என்றார்.

அவன் காலை இழுத்துக்கொள்ளப் பார்த்தான். அவர் விடவில்லை. கறுத்த நகங்களில் நோகாதபடி மெதுவாகத் தண்ணீரை ஊற்றினார். எனக்குக் கோபப்படுவதற்கு ஒரு காரணமும் மிச்சமிருக்கவில்லை. நான் போய் அவருக்குப் பக்கத்தில் குந்தி, என் தம்பியின் மற்றக் காலைக் கையில் எடுத்தேன்.