சிவப்புத் துணி கட்டிய திரை

பரிமளா இறந்த செய்தி வந்தபோது எங்கள் கணினியில் பேக்கப் ஓடிக்கொண்டிருந்தது. அவள் தம்பிதான் ஆஸ்பத்திரியிலிருந்து பேசினான். "அக்கா போயிருச்சுங்க" என்றான். நான் நாற்காலியை விட்டு எழவில்லை. எடுத்த நகலைத் திறந்து பார்க்காமல் எழுந்திருக்கக் கூடாது என்பது எங்கள் அலுவலகத்தில் அவள் போட்ட சட்டம். "தொறந்து பாக்காத பேக்கப்பு, காத்து இல்லாத ஸ்டெப்னி" என்பாள். நகல் முடிந்தது, திறந்தேன், பக்கங்கள் இருந்தன. பிறகுதான் வாய்விட்டு அழுதேன். கல்நெஞ்சக்காரி என்று சொல்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும்.

லாரி ஓட்டுநர் சங்கத்துக்காரர்களே, உங்கள் வீட்டுப் பெண்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். சூரமங்கலத்தில் மாவு மில்லுக்கு மேலே ஒரே அறையில் பரிமளாவும் நானும் சேர்ந்து இணையதளங்களைப் பராமரித்து வந்ததும், அதில் உங்கள் சங்கத்தின் சைட் ஒன்று என்பதும் உங்களுக்குத் தெரியும். அதில் 'ஊடு திரும்பாதவர்கள்' என்று ஒரு பகுதி உண்டு. வீடு வந்து சேராமல், ஓட்டப் போன இடத்தில் செத்தவர், காணாமல் போனவர் ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம். எந்தச் சாலை, எந்த வளைவு, யாருடைய வண்டி, நஷ்டஈடு வந்ததா இல்லையா, எல்லாம் அதில் இருக்கும். தங்கள் பெயர் அங்கே இருப்பது பிடிக்காத முதலாளிகளும் உண்டு. அதையும் ஒளிக்காமல் எழுதுகிறேன்.

பரிமளா வேலை செய்யும் விதம் எனக்கு முதலில் எரிச்சலாக இருந்தது. சைட்டை ஓட்டும் மென்பொருளைப் புதுப்பிக்க பிரவுசரில் ஒரு பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தமாட்டாள். கருப்புத் திரையைத் திறந்து கட்டளையாகத் தட்டுவாள். கேட்டால், "பொத்தான் பாதியில நின்னுக்கும், எங்க நின்னுச்சுன்னும் சொல்லாது. இது எந்த எடத்துல இடிச்சுதுன்னு வாயத் தொறந்து சொல்லும் புள்ள" என்பாள். அதுகூடப் பரவாயில்லை. தனியாகத் தட்டவும் மாட்டாள். பக்கத்துக் கணினியில் நான் சைட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, லாரி பின்னால் வரும்போது கிளீனர் கத்துவதுபோல் கத்த வேண்டும். எல்லாம் சரியாக இருந்தால் "வரலாம், வரலாம்." ஏதாவது கோணினால், நிறுத்தச் சொல்லி "ஓல்டான்!" கீழே மாவு அரைக்க வந்தவர்கள் மாடியில் வண்டி நிற்கிறதா என்று எட்டிப் பார்ப்பார்கள். அவள் அப்பா லாரி ஓட்டியவர். பின்னால் ஆள் இல்லாமல் ரிவர்ஸ் எடுப்பவனை அந்த வீட்டில் மனிதனாகவே மதிக்க மாட்டார்களாம்.

அவளும் தப்பு செய்தாள், அதையும் சொல்லத்தான் வேண்டும். இரண்டு கருப்புத் திரைகள் திறந்திருந்தன. ஒன்று சோதனைக்கு வைத்த நகல், இன்னொன்று நீங்கள் பார்க்கிற நிஜ சைட். சோதனை என்று நினைத்து நிஜத்தில் தட்டிவிட்டாள். நான் கத்துவதற்குள் சைட் வெள்ளைத் தாளாகிவிட்டது. உடனே சங்கச் செயலாளருக்கு அவளே போன் செய்தாள். "என் தப்புதானுங்க. இப்பத் திருப்பி வெச்சுர்றேன்" என்றாள். பேக்கப்பிலிருந்து திருப்பியும் வைத்தாள். மறுநாள் நிஜ சைட்டுக்கென்று தனிக் கணினியே ஒதுக்கி, அதன் திரையில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டினாள். கம்பி ஏற்றிய லாரியின் பின்னால் தொங்குமே, அதே துணி. "பின்னால நீட்டிட்டு இருக்குது, பாத்து வான்னு அர்த்தம்" என்றாள். சிரித்தேன். ஆனால் அதற்குப் பிறகு அந்தத் தப்பு எங்கள் அறையில் நடக்கவே இல்லை.

சைட் பழசாகிவிட்டது, வேறு கம்பெனியிடம் புதிதாகச் செய்துகொள்ளலாம் என்று செயலாளர் சொன்னது அவள் நன்றாக இருந்தபோதே. பழைய பக்கங்கள் வராது, புதிதாகத் தொடங்கலாம் என்று அந்தக் கம்பெனி சொல்லியிருந்தது. பரிமளா நேராக நாமக்கல்லில் இருக்கிற சங்க ஆபீசுக்குப் போனாள், நானும் கூடப் போனேன். "பழசை அழிச்சுப்போட்டுப் புதுசு வெக்கறதுக்குப் பேரு அப்டேட் இல்லீங்க, கருமாதி. அதுல இருக்கற சனங்களுக்கு ஏற்கெனவே ஒருக்கா பண்ணியாச்சு" என்றாள். செயலாளர் டீயைக் குடித்துவிட்டுப் பேச்சை மாற்றினார். அப்புறம் அவளுக்கு உடம்புக்கு வந்துவிட்டது.

பரிமளாவின் சாவு வீட்டிலேயே செயலாளர் அந்தப் பேச்சைத் திரும்ப எடுத்தார். "இனி ஆருங்க பாக்கறது? புதுசுக்கே போயரலாமுங்க." பாடை கட்டிக்கொண்டிருக்கிறார்கள், இவர் இப்படி! எனக்கு வந்த கோபத்தை அங்கே காட்டவில்லை. "நான் இருக்கேனுங்க. அடுத்த கமிட்டிக்குள்ள பழைய பக்கங்களோடவே சைட்ட புதுசாக்கிக் காட்டலைன்னா உங்க இஷ்டம்" என்றேன்.

சொல்லிவிட்டேன், கத்துவதற்கு ஆள்? தம்மம்பட்டியிலிருந்து மல்லிகா வந்தாள். அவள் கணவர் பெயரும் 'ஊடு திரும்பாதவர்கள்' பகுதியில் இருக்கிறது. கணினி தெரியாது என்றாள். உன் வீட்டுக்காரர் பக்கத்தை மட்டும் பார்த்துக்கொண்டிரு, அது போதும் என்றேன். பரிமளாவின் நாற்காலியில் நான் உட்கார்ந்தேன், துணியைத் தொட்டுக்கொண்டேன். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் புதுப்பிக்கவில்லை. அவள் வழக்கப்படி ஒரு சக்கரத்தைக் கழற்றி மாட்டிய பிறகுதான் அடுத்தது. மல்லிகா ஒவ்வொரு முறையும் பக்கத்தைப் புதிதாகத் திறந்து, "வரலாமுங்க, வரலாமுங்க" என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். திடீரென்று ஒரு அலறல்.

"ஓல்டான்! அக்கா, அவர் படத்தக் காணோம்!"

எழுத்தெல்லாம் இருந்தது, படம் இருந்த இடம் வெறுமையாக இருந்தது. கடைசியாகப் புதுப்பித்ததை ஒரு படி பின்னால் எடுத்தேன். பரிமளா போன அன்று காலையில் எடுத்து, திறந்து பார்த்து வைத்த அந்தப் பேக்கப்பிலிருந்துதான் படங்களைக் கொண்டுவந்து வைத்தேன். மல்லிகா மறுபடி பக்கத்தைத் திறந்தாள். புடவைத் தலைப்பால் திரையைத் துடைத்தாள். "வந்துட்டாருங்க. நீங்க வரலாம்" என்றாள்.

கமிட்டியில் செயலாளர் தன் போனில் ஒவ்வொரு பக்கமாகத் திறந்து பார்த்தார். குறை கண்டுபிடிக்கத்தான் பார்த்தார், கிடைக்கவில்லை. புதுக் கம்பெனிப் பேச்சு அன்றோடு நின்றது.

அவளிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்தச் சிவப்புத் துணியையும் அந்தக் கத்தலையும்தான். மல்லிகா மாதம் ஒருமுறை வருகிறாள், மாவு அரைக்க வருபவர்கள் மறுபடி எட்டிப் பார்க்கிறார்கள். பரிமளாவுக்கும் 'ஊடு திரும்பாதவர்கள்' பகுதியில் ஒரு பக்கம் வேண்டும் என்று கேட்டேன். "அது டிரைவர்களுக்கு மட்டுந்தானுங்களே, கமிட்டியக் கேட்டுத்தான் சொல்லோணும்" என்றார் செயலாளர்.

நிதானமாகக் கேட்டுச் சொல்லட்டும். நீங்கள் இப்போது படித்துக்கொண்டிருப்பது அந்தப் பக்கம்தான். பேக்கப்பும் எடுத்துவிட்டேன், திறந்தும் பார்த்துவிட்டேன்.