கோழிக்கு வாங்கிய துப்பாக்கி

அமீரகத்தில், புஜைராவுக்கு உள்ளே, மலையடியில் ஒரு தோட்டம். அங்கேதான் எனக்கு வேலை. பேரீச்சை மரம், கொஞ்சம் ஆடு, நிறையக் கோழி. கோழியை நரி தூக்க ஆரம்பித்ததும் முதலாளி, எங்கள் அர்பாப், ஒரு துப்பாக்கி கொண்டுவந்தார். லைசென்ஸ் அவர் பேரில். தகரப் பெட்டியில் வைத்துப் பூட்டி, சாவியை என் கையில் கொடுத்தார்.

"நரிக்கு மட்டும். வேலிக்கு வெளியே மாஃபி, கூடவே கூடாது."

நான் சுட்டதெல்லாம் வானத்தைப் பார்த்துத்தான். சத்தத்துக்கே நரி ஓடிவிடும்.

எனக்கு ஒரு கூட்டாளி இருந்தான். கீழக்கரைப் பக்கத்து ஆள். ஆயில் டேங்க் இருக்கிற இடத்தில் ஷிப்ட் டூட்டி. அந்த வருஷம் மனைவியையும் கைக்குழந்தையையும் கூட்டிவந்திருந்தான். ஒரு அரபி வீட்டுக்குப் பின்னால், தனி வாசலோடு ஒரு ரூம். நடுவில் பெரிய சுவர். பின்பக்கம் ஆளே இல்லாத காய்ந்த ஆறு. வாடகை குறைவு என்று எடுத்தான்.

ஒருநாள் மத்தியானம் தோட்டத்துக்கு வந்தான். டீ கொடுத்தேன். தொடவில்லை.

அவன் ரூமில் ஏசி ரிப்பேருக்குப் போயிருந்தது. ஓட்டையைப் பலகை வைத்து அடைத்திருந்தான். முந்தின ராத்திரி அவன் டூட்டியில் இருக்கும்போது எவனோ அந்தப் பலகையைப் பெயர்த்திருக்கிறான். கூட்டாளியின் மனைவி, அந்தப் பிள்ளை, போட்ட கூச்சலில் ஓடிவிட்டான். போலீஸ் வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறது.

"மாப்ள, அந்தத் துப்பாக்கியைக் குடு."

"அது என்னுது இல்ல."

"சாவி உன்னுதுதானே?"

டீயை அவன் பக்கம் தள்ளிவைத்தேன்.

"கோழிக்கு இருக்கிற காவல் என் வீட்டுக்காரிக்கு இல்லையா? சொல்லு."

"வெள்ளிக்கிழமை வர்றேன். சொல்றேன்."

"அதுக்குள்ள எவனும் வராம இருக்கணும்னு நீயே வேண்டிக்க" என்று எழுந்து போனான்.

தண்ணி பாய்ச்சினேன். யோசித்தேன். கொடுத்து மாட்டினால் ரெண்டு பேரும் ஜெயில், அர்பாபுக்கும் கேஸ். அதை விடு. கொடுக்காமல் இருந்து அங்கே ஏதாவது ஆனால் அவன் முகத்தில் எப்படி முழிப்பது? ரெண்டு பக்கமும் சரியாகத்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து அவன் ரூமுக்கு வந்த நேரத்துக்குப் போனேன். கையில் ஒன்றும் இல்லை. அவன் முகம் சுருங்கிவிட்டது. அந்தப் பிள்ளைதான் கேட்டாள்.

"துப்பாக்கி கொண்டாந்தீகளா அண்ணே?"

"இல்லம்மா."

"நல்லதாப் போச்சு."

"நல்லதா?" என்றான் இவன்.

"இவுக டூட்டி முடிஞ்சு வாறது விடியக் கருக்கல்ல. கதவைத் தட்ட மாட்டாக. புள்ளை முழிச்சிரும்னு பூனை மாதிரி சாவி போட்டுத் தொறப்பாக. லைட்டும் போட மாட்டாக. நான் யாருன்னு நெனச்சுச் சுடுறது?"

அவன் வாயைத் திறந்தான். அவள் விடவில்லை.

"போன வாரம் கரண்டியால வாங்குனது மறந்துபோச்சா?"

அவன் தன் தோளைத் தடவினான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவனும் சிரித்தான். சோறு போட்டாள். சாப்பிட்டோம்.

தோட்டத்தில் பழைய ஆட்டுப்பட்டி இரும்புக் கம்பி கிடந்தது. அர்பாபிடம் கேட்டு எடுத்துவந்து ஓட்டையில் பதித்தேன். கதவுக்கு உள்பக்கம் பெரிய தாழ்ப்பாள் போட்டேன். இனிமேல் வாசலில் நின்று ரெண்டு மிஸ்டு கால் கொடுத்தால்தான் புருஷன், அப்புறம்தான் தாழ்ப்பாள் என்று பேச்சு. பயமாக இருந்தால் எனக்கு ஒரு மிஸ்டு கால். பிக்கப் எடுத்துக்கொண்டு வந்துவிடுவேன்.

"நீ வர்றதுக்குள்ள?" என்று கேட்டான்.

தாழ்ப்பாளை இன்னொரு தரம் இழுத்துப் பார்த்தேன்.

கொஞ்ச நாள் ஒன்றும் இல்லை. ஒருநாள் பொழுது சாயும் நேரம், கோழியை அடைத்துக்கொண்டிருந்தேன். போன் ஒரு தரம் அடித்து நின்றது. அவள் நம்பர்.

பெட்டிக்கு ஓடினேன். சாவி கையில் இருந்தது. அந்த ரூம் நினைவுக்கு வந்தது. கட்டில், அடுப்பு, தொட்டில், எல்லாம் ஒரே இடம். எந்தப் பக்கம் சுட்டாலும் குழந்தை இருக்கும். பெட்டியைத் திறக்கவில்லை. மண்வெட்டியைத் தூக்கி வண்டியில் போட்டுக்கொண்டு போனேன்.

கதவு விரியத் திறந்து கிடந்தது. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

உள்ளே போனால், பாயில் ஒரு அரபி அம்மா. முன்வீட்டுக்காரர் மனைவி. மடியில் குழந்தை. பக்கத்தில் தட்டு நிறைய பேரீச்சம்பழம். ரெண்டு பேரும் என் மண்வெட்டியைப் பார்த்தார்கள்.

"அண்ணே, பயந்துட்டீகளா? இவுக ரொம்ப நேரமா என்னமோ கேக்குறாக. எனக்கு ஒண்ணும் விளங்கல. அரபி தெரிஞ்ச ஆளு நீங்கதான். அதான் மிஸ்டு கால் குடுத்தேன்."

மண்வெட்டியை வாசலில் சாய்த்துவிட்டு உட்கார்ந்தேன். எனக்குத் தெரிந்தது தோட்டத்து அரபி. அது போதுமாக இருந்தது.

"ராத்திரி தனியாவா இருக்கேன்னு கேக்குறாங்க."

"ஆமான்னு சொல்லுங்க."

"திருடன் வந்த கதை இப்பத்தான் தெரியுமாம். ஏன் எங்ககிட்ட சொல்லலன்னு கோவிக்கிறாங்க."

"என்ன பாஷையில சொல்றதுன்னு கேளுங்க."

சொன்னேன். அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அப்புறம் எழுந்து போய் நடுச்சுவரைக் கையால் தட்டிக் காட்டினார். இங்கே ஒரு கதவு வைக்கச் சொல்கிறேன், அவன் டூட்டிக்குப் போனதும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எங்கள் பக்கம் வந்து படு என்றார். இதை அப்படியே தமிழில் சொன்னேன்.

அந்த மாசமே சுவரை உடைத்தார்கள். மரக் கதவு. பூட்டு வைக்கவில்லை.

கூட்டாளி அப்புறம் துப்பாக்கி கேட்கவில்லை. தோட்டத்துக்கு வந்தால் "நரி சௌக்கியமா?" என்பான், டீயை வாங்கிக்கொண்டு.

குழந்தை நடை பழகினது அந்தக் கதவைப் பிடித்துத்தான். இந்தப் பக்கம் உம்மா நிற்பாள். அந்தப் பக்கத்திலிருந்து அந்த அம்மா "யல்லா, யல்லா" என்று கூப்பிட்டுக் கை தட்டுவார்.