சிங்கம் போட்ட குலவை

பாபநாசத்து செல்போன் கடையில் ஸ்கிரீன் மாற்றும் மதிவதனியை வாயில் ஜெயிக்க ஆள் கிடையாது. ஆனால் ஃபோனில் துப்பாக்கி விளையாட்டைத் திறந்துவிட்டால் வாயே திறக்கமாட்டாள். பெண் குரல் என்று தெரிந்தால் போதும், முகம் தெரியாதவன்களெல்லாம் கூசாமல் அசிங்கமாகப் பேசுவான்கள். ஒருமுறை கேட்டு அழுததிலிருந்து மைக்கை அடைத்தே வைத்திருந்தாள். நாலு பேர் அணிக்கு அவள்தான் தலைவி. எதிரி எங்கே என்று எழுதித்தான் காட்டுவாள். எழுதி முடிப்பதற்குள் இரண்டு பேர் செத்திருப்பார்கள்.

மாவட்டப் போட்டிக்குப் போக ஒரே ஒரு ஆட்டம் மீதி இருந்தது. மைக்கைப் போடாவிட்டால் தோல்விதான் என்று கூட்டாளி ஆமினா அடித்துச் சொல்லிவிட்டாள். போதாததற்கு அண்ணன் தமிழ்மாறன், தங்கச்சி ஜெயித்தே விட்டாளென்று டீக்கடையில் எல்லாருக்கும் முன்கூட்டியே போண்டா வாங்கிக் கொடுத்திருந்தான். மதிவதனி மைக்கைத் திறந்தாள்.

கொஞ்ச நேரம் ஆட்டம் பறந்தது. அணிக்கு ஒருவர் மட்டும் மிஞ்சியபோது எதிரணியிலிருந்து 'டெல்டா சிங்கம்' என்று பெயர் வைத்துக்கொண்டவன் ஆரம்பித்தான்.

"பொட்டச்சிக்கு இங்க என்ன வேல? போய் நாத்து நடுடி."

அதன்பின் அவன் சொன்னவை எழுதத் தகாதவை. மதிவதனியின் விரல் மைக்கை அடைக்கப் போனது.

சம்பா நடவு முடித்து, கால் சேற்றோடு வீட்டுக்கு வந்த அம்மா ரெங்கம்மாள் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். மகளின் விரலைத் தட்டிவிட்டாள். திட்டவில்லை. குனிந்து, நாக்கை மடித்து, கடைசி நாற்றை ஊன்றிக் கரையேறும்போது போடும் குலவையை ஃபோனுக்குள் போட்டாள். வாசலில் நின்ற நடவுக்காரப் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள்.

திரையில் சிங்கம் பாலத்து நடுவில் வைக்கோல் பொம்மை மாதிரி அசையாமல் நின்றது. மதிவதனி சிரிப்பை அடக்கிக்கொண்டு, நிதானமாகக் குறிபார்த்துச் சுட்டாள். ஆட்டம் முடிந்தது.

கொஞ்சம் கழித்து சிங்கத்தின் குரல் ஃபோனில் மெலிந்து வந்தது.

"அக்கா, குலவையக் கேட்டதும் நெசமாவே எங்கம்மா கரையேறிட்டாங்கன்னு நெனச்சு ஃபோனப் போட்டுட்டு ஓடிட்டேன். நாத்துக்கட்டு தூக்கக் கூப்பிட்டாங்க, போகல. நான் வைக்கப்போருக்குப் பின்னால ஒளிஞ்சு ஆடுறேன்."

திருப்பனந்தாள் பக்கமாம். நிஜப் பெயர் மருதையன். நடவுக்காரி பெற்ற பிள்ளைதானா இந்தப் பேச்சுப் பேசினாய் என்று ஆமினா பிடித்துக்கொண்டாள். அவன் முனகினான், "தப்புதாங்க்கா. அம்மாகிட்ட சொல்லிடாதீங்க."

ஒரு வாரம் கெஞ்சி, பயிற்சி ஆட்டத்தில் சேர்த்துக்கொள்ளச் சொன்னான். மதிவதனி ஒரே நிபந்தனை வைத்தாள்: வாயில் கெட்ட வார்த்தை வந்தால் எல்லாரும் கேட்கக் குலவை போடவேண்டும்.

முதல் நாளே பழக்கதோஷத்தில் ஒன்று வழுக்கி விழுந்தது. சிங்கம் குலவை போட்டது. தாம்புக் கயிற்றில் மாட்டிய கன்றுக்குட்டி கத்தின மாதிரி இருந்தது. ஆமினா சிரித்துச் சிரித்துத் துப்பாக்கியைத் தவறவிட்டாள்.

அடுப்படியிலிருந்து ரெங்கம்மாள், மைக் திறந்திருப்பது தெரிந்தே சொன்னாள்.

"நாக்க மடக்கச் சொல்லுடி அந்தப் புள்ளய. அவங்கம்மா ஒண்ணுமே சொல்லிக் குடுக்கலயா?"