பொரியும் நேரத்தில் படிக்கிறவள்

ஹேடக் மீனை மாவில் முக்கி, வாலைப் பிடித்து, கொதிக்கும் கொழுப்பின் மேல் இப்படியும் அப்படியும் இரண்டு தடவை அலசிவிட்டுத்தான் கார்லி டாஸ்கர் அதைக் கைவிடுவாள். மீன் பொன்னிறமாவதற்குள் ஒரு கேள்விக்கு விடை எழுதியாக வேண்டும். தனக்குத்தானே போட்டுக்கொண்ட சட்டம் அது. எழுதுவது சிப்ஸ் மடிக்கிற வெள்ளைத் தாளில். விடை முடிவதற்குள் மீன் சிவந்துவிட்டால், "போச்சு, ஹேடக் ஜெயிச்சிருச்சு!" என்று அந்த மீன்-சிப்ஸ் கடையின் வாசல்வரை கேட்கும்படி கத்துவாள். வரிசையில் நிற்பவர்கள் மீனுக்குக் கை தட்டுவார்கள்.

பக்கத்தில் சிப்ஸ் அள்ளிக் கொண்டிருக்கும் ஃப்ரேயாவுக்கு அந்தக் கைதட்டல் காதில் சுடும்.

கார்லிக்கு வயது இருபத்துமூன்று. பதினாறில் பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு, இங்கிலாந்தின் கிரிம்ஸ்பி துறைமுகத்துக் குளிர்கிடங்கில் மீன் பெட்டி தூக்கப் போனவள். அங்கே வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்தது. மருத்துவமனையில் தன் எலும்பின் படத்தைப் பார்த்தாள். அன்றிலிருந்து எக்ஸ்ரே எடுக்கிற படிப்பு ஒன்றுதான் அவளுக்குப் படிப்பு. மாலை வகுப்பில் உயிரியல் முடித்தாள். பிப்ரவரியில் பல்கலைக்கழகம் பதில் சொன்னது: வேதியியலிலும் ஏ லெவல் என்ற பள்ளி இறுதித் தேர்வில் தேறினால் செப்டம்பரில் இடம் உண்டு. தேர்வு ஜூனில். மற்றவர்கள் இரண்டு வருடம் படிக்கிற பாடம். ஃப்ரேயா படிக்கிற கல்லூரியிலேயே தனித்தேர்வராகப் பெயர் கொடுத்துவிட்டு, ஓர் அறக்கட்டளையின் பழைய சாமான் கடையில் ஒரு தடிப் புத்தகம் வாங்கினாள்.

அவள் படிப்பு ஊருக்கே தெரியும். தலைமுடி மேல் போட்ட வலையில் செருகிய பென்சிலை மறந்துவிட்டுப் பென்சில் தேடுவாள். மோல் கணக்கு வந்தால் மட்டும் ஒற்றைக் காலில் நிற்பாள். கேட்டால், "ரெண்டு காலும் தரையில இருந்தா மூளைக்கு ரத்தம் ஏறலை" என்பாள். வாடிக்கையாளர்களும் அவளுக்கு மாணவர்கள்தான்.

"உப்பு, வினிகர் போடவா கண்ணு? வினிகரோட பி.எச். பன்னெண்டு. நானே கணக்குப் போட்டேன்!"

"பன்னெண்டுன்னா அது அடுப்பு கழுவுற சோடா," என்றாள் ஃப்ரேயா. "வினிகர் ரெண்டரைதான் வரும்."

"கேட்டீங்களா! நல்ல மனுஷனுக்கு அடுப்புச் சோடாவை ஊத்தப் பார்த்திருக்கேன்!"

"ஊத்தும்மா," என்றார் பொட்டலத்துக்குக் கை நீட்டியிருந்த கிழவர். "இதைவிட மோசமானதெல்லாம் இந்த வயித்துல போயிருக்கு."

வரிசை முழுக்கச் சிரித்தது. முதலாளி ட்ரெவர் உள்ளேயிருந்து, "டாக்டரம்மா, பட்டாணி அடிப்பிடிக்குது!" என்று குரல் கொடுத்தார். சரியான விடை சொன்னவள் பக்கம் யாரும் திரும்பவில்லை.

ஃப்ரேயா எப்படிப் படிக்கிறாள் என்று இந்தக் கடையில் ஒருவரும் விசாரித்ததில்லை. கல்லூரிக்குப் போகிற பெண் படிக்கத்தானே செய்வாள்? அதே ஏ லெவல் வேதியியலுக்கு அவளுக்கு இரண்டு வருட வகுப்பு, செவ்வாய்க்கிழமை டியூஷன், மாதிரித் தேர்வில் ஏ கிரேடு. ஆனாலும் வினாத்தாளைத் தொட்டால் முதல் விடையையே மூன்று தடவை அழித்து எழுதுவாள். கார்லி பத்துக்கு நாலு வாங்கிவிட்டு, "போன வாரம் ரெண்டுடி!" என்று மாவுக் கையோடு குதிக்கிறாள். கார்லியின் மதிப்பெண்ணில் ஃப்ரேயாவுக்குப் பொறாமை இல்லை. அந்தக் குதிப்பை எங்கே போய் வாங்குவது என்றுதான் அவளுக்குத் தெரியவில்லை.

ஈஸ்டர் வாரத்தில் கார்லியின் புத்தக அட்டையை ஃப்ரேயா முதல்முறையாக நேராகப் பார்த்தாள். வேறு தேர்வு வாரியத்தின் புத்தகம். ஒரே வேதியியலை இங்கே பல வாரியங்கள் தேர்வாக நடத்துகின்றன. வாரியத்துக்கு வாரியம் பாடத்தில் கொஞ்சம் மாறும், வினாத்தாள் நிறையவே மாறும். வகுப்பில் இருப்பவர்களுக்கு அந்தக் கவலையை ஆசிரியர் சுமப்பார். தனியாகப் படிக்கிறவர்கள்தான் இதில் வழுக்குவார்கள். கார்லி எழுதப்போவது ஃப்ரேயாவின் கல்லூரி எடுத்திருக்கும் வாரியத்தின் தேர்வு.

சொல்ல வேண்டும் என்று நினைத்தாள். அடுத்த வாரமும் நினைத்தாள். சிப்ஸை அள்ளிக்கொண்டே இருந்தாள்.

மே மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை கார்லி கடைசிப் பாடத்தை முடித்தாள். கரண்டியால் பொரிக்கிற தொட்டியின் விளிம்பைத் தட்டி ஊருக்கு அறிவித்தாள். ட்ரெவர் மனம் இளகி ஆளுக்கொரு வினிகரில் ஊறிய முட்டை கொடுத்தார். வரிசையில் நின்ற பெண் ஒருத்தி கார்லியின் கன்னத்தைக் கிள்ளினாள். அப்போதுதான் ஃப்ரேயாவின் வாய் திறந்தது.

"கார்லி, அது நம்ம வாரியம் இல்லை."

"எது?"

"உன் புத்தகம். காலேஜ்ல எழுதப் போறது வேற வாரியம்."

கார்லி கரண்டியைக் கீழே வைத்தாள். முகத்தில் இருந்த சிவப்பு கழுத்துக்கு இறங்கி, அங்கிருந்தும் போய்விட்டது. இந்த முகத்தைப் பார்க்கத்தான் இத்தனை நாள் காத்திருந்தோமா என்று ஃப்ரேயாவுக்குத் தோன்றியது. பார்த்துவிட்டாள். ஒன்றும் இனிக்கவில்லை.

"அப்போ நான் படிச்சதெல்லாம் வீணாடி?"

"முக்கால்வாசி ஒண்ணுதான். மீதிதான் வேற. கேள்வி கேக்கற விதமும் வேற."

"உனக்கு எப்போ தெரியும்?"

"இப்போதான் பார்த்தேன்."

கார்லி அவளையே ஒரு கணம் பார்த்தாள். பிறகு மாவுக் கையோடு கழுத்தைக் கட்டிக்கொண்டாள். "நீ பார்க்கலேன்னா நேரா போய் முழிச்சிருப்பேன்டி. கால்வாசிதானே? மூணு வாரம் இருக்கு, போதும். உன் புத்தகத்தைக் குடேன், ராத்திரி மட்டும். காலையில திருப்பித் தந்துடறேன், மீன் வாசம் இல்லாம!"

வரிசையில் யாரோ, "ஹேடக் கருகுதும்மா!" என்றார். கார்லி அலறிக்கொண்டு திரும்பினாள்.

மறுநாள் ஃப்ரேயா புத்தகத்தைக் கொண்டுவந்தாள். ஆனால் நேரே உள்ளே போகவில்லை. கடைக்குப் பின்னால் உருளைக்கிழங்கு மூட்டை மேல் உட்கார்ந்து, கார்லிக்கு வேண்டிய பாடத்தை விரித்தாள். ஓரமெல்லாம் இரண்டு வருடமாக அவள் பென்சிலில் எழுதிவைத்த குறிப்புகள்: எங்கே தடுக்கும், எதை எப்படி நினைவில் வைப்பது, எந்தக் கேள்வியில் ஏமாற்றுவார்கள். உள்ளே கார்லி யாரையோ சிரிக்க வைத்துக்கொண்டிருந்தாள். ஃப்ரேயா பையிலிருந்து ரப்பரை எடுத்து, முதல் பக்கத்தின் ஓரத்திலிருந்து நிதானமாக அழிக்கத் தொடங்கினாள். ஒவ்வொரு பக்கம் முடிந்ததும் துகளை வாயால் ஊதினாள்.